முள்ளில்லாத ஒரே தூர்

தொண்ணூறுகளில் செய்யூர்ப் பக்கம் எங்கள் உப்பேறிய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் ஆராய்ச்சி செய்தார் அவர். ஒல்லி உடம்பு, சட்டைப்பை நிறைய நூல் கட்டிய அட்டைகள். தினமும் ஒவ்வொரு செடியாகத் தொட்டு எண்ணுவார்.

"இன்னா சார், எண்ணிக்கினே கீறீங்க, ஓடியா பூடும்?" என்றேன்.

சிரித்தார். "உப்பைத் தாங்குற குணமும் கதிர்ல மீசை மாதிரி முள்ளும் ஒட்டியே வருதுண்ணா. எத்தனை ஆயிரம் செடியில ஒண்ணு முள்ளில்லாம பிரியுதுன்னு எண்ணினாத்தான் ரெண்டுக்கும் எவ்வளவு நெருக்கம்னு தெரியும். மூணு வருஷமா ஒண்ணுகூடப் பிரியல."

அவர் ஊருக்குப் போயிருந்தபோது அம்மனுக்கு முதல் கதிர் படைக்கும் நாள் வந்தது. சாமிக்கு முள் ஆகாதே என்று தேடி, முள்ளில்லாத ஒரே தூரை வேரோடு பிடுங்கி, நெல்லைக் குத்திப் பொங்கலில் சேர்த்தேன். அன்று மாலையே அவர் திரும்பினார். பிரசாதத்தை நீட்டிப் பெருமையாகச் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்தது. "ஒரு நெல்லாவது மீதி இருக்காண்ணா?"

"சாமிக்கு எட்த்ததுல மீதி வெக்கலாமா சார்?"

அவர் பொங்கலை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு வயலில் இறங்கி, நான் பிடுங்கிய குழியில் ஒரு குச்சியை நட்டு, அதில் அட்டை கட்டினார். 'ஒன்று' என்று எழுதியிருந்தது.

அடுத்த போகத்துக்கு அவர் வரவில்லை. அம்மன் என்னை மன்னித்திருப்பாள். அவர் மன்னித்தாரா என்பதுதான் தெரியவில்லை.