துணி மிதித்தவர்களின் பெயர்

லண்டனில் நான் முதலில் வேலை பார்த்த இடம் மோர்டனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நூலகம். செவ்வாய்க்கிழமைகளில் ஆங்கிலேயர் ஒருவர் அங்கே வருவார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஃபுல்லர் என்ற தன் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருந்தார். பழைய பதிவேடுகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் எழுத்து வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் பதிவேடுகளின் முன்னால் உட்காரும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கும்.

ஒருநாள் குடும்பப் பெயர்களின் அகராதியொன்றில் அது அகப்பட்டது. தறியிலிருந்து வந்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, வீடு வீடாகச் சேர்த்த பழைய மூத்திரத்தையும் களிமண்ணையும் கலந்து, நாள் முழுக்கக் காலால் மிதித்து அழுக்கெடுத்தவர்கள்தான் ஃபுல்லர்கள். வடக்கே இதே வேலையைச் செய்தவர்களுக்கு வாக்கர் என்று பெயர், தென்மேற்கில் டக்கர். பிறகு ஆற்றோரத்து ஆலைகள் வந்தன. தொழில் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

தயங்கித்தான் வாசித்துக் காட்டினேன். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"மூத்திரத்திலா! என் மனைவி இவ்வளவு காலமும் தன்னைச் சீமாட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு இருக்கிறது அவளுக்கு!"

பக்கத்து மேசையில் பத்திரிகை வாசித்த மூதாட்டியிடமும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்?"

"கடவுளின் பெயர்," என்றேன். பொய் இல்லை, ஆனால் பாதிதான்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இங்கே வந்தபோது படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. அப்பாவின் பெயரை அதில் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுடையது ஊருக்குத் துணி வெளுத்த குடும்பம். அப்பா பிறந்த காலத்தில் நாதன், பிள்ளை என்று முடியும் பெயர்களை எங்கள் ஆட்கள் வைக்க ஊர்ப் பெரியவர்கள் விடமாட்டார்கள். அதே கடவுளின் பெயரை அவர்கள் நீளமாக வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு மூன்றெழுத்து. அதுதான் என் வங்கி அட்டையில் இருந்தது. ஆங்கிலேயருக்கு அது வெறும் ஒலி. எங்கள் ஊர்க்காரருக்கு அது போதும்.

அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். அவருக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல் அந்தப் பெயர். சம்பளப் படிவத்தில் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டதால் நான்தான் பழக்கினேன். ஹவுன்ஸ்லோவில் ஹோட்டல் விரிப்புகளை வெளுக்கும் லோண்டரியில் அவருக்கு வேலை. ஊரில் எங்கள் வாசலை மிதிக்காத வீட்டுக்காரர்களும் அங்கே அவரோடு ஷிப்டில் நின்றார்கள். அவர்களுக்கு அது வேலை மட்டும்.

அந்த வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியொன்றுக்கு ஆசிரியர் தேவை என்று ஒரு கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது. பட்டச் சான்றிதழோடு போனேன். பொறுப்பாக இருந்த பெண்மணி படிவத்தை வாசித்துக்கொண்டே வந்தார். அப்பாவின் பெயரில் விரல் நின்றது.

"பிள்ளை ஊரிலை எவடம்?"

ஊரைச் சொன்னேன்.

"அது சரி. கோயிலுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

"அங்காலை," என்றேன். கோயிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆட்களின் வீடுகள் மட்டும்தான்.

"ஓ." படிவத்தை மடித்தார். "இப்ப இடமில்லை பிள்ளை. இருந்தாச் சொல்லி அனுப்பிறம்."

கடைக் கண்ணாடியில் அந்தத் தாள் ஒரு மாதம் அப்படியே இருந்தது.

அப்பாவுக்கு ஃபுல்லர் கதையை மட்டும் சொன்னேன்.

"மூத்திரத்திலை மிதிச்சவையோ?" அவரால் நம்ப முடியவில்லை. "நாங்கள் உவர்மண்தானே போட்டனாங்கள். அப்ப அவையிலும் பாக்க நாங்கள் துப்பரவு!"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு கேட்டார். "அந்த மனுசனை அதுக்காக ஆரும் வாசல்லை நிப்பாட்டினவையோ?"

"இல்லை அப்பா. அந்தப் பேருக்கு என்ன கருத்தெண்டு அவருக்கே இப்பதான் தெரியும்."

"அதுதான் சிரிக்கிறார்," என்றார். "பிரஜாவுரிமை எடுக்க முந்தி உன்ரை பேரோடை இருக்கிற என்ரை பேரை மாத்திப்போடு பிள்ளை. தமிழ்ப் பள்ளியிலை என்ன சொன்னவையெண்டு எனக்குத் தெரியும்."

மாட்டேன் என்றேன். பல வாரங்கள் மாட்டேன் என்றே சொன்னேன். பிறகு ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் பெயர் மாற்றப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். அப்பாவின் முதல் இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு பின்னால் நாதன் சேர்த்தேன். என் பெருமை அவ்வளவு தூரம்தான் தாங்கியது.

பிரஜாவுரிமை வைபவத்தில் மிஸ் என்று சொல்லிப் புதிய பெயரை மட்டும் கூப்பிட்டார்கள். அப்பா மற்றவர்களுக்குத் தட்டியது போலவே பணிவாகக் கைதட்டினார். நான் மேடையேறிய பிறகுதான் அது நான் என்று அவருக்குத் தெரிந்தது.

வேறொரு சனிக்கிழமைப் பள்ளிக்குப் போனேன். அங்கிருந்த பொறுப்பாளர் படிவத்தில் புதிய பெயரைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் தேத்தண்ணி தந்தார்.

"தங்கச்சி ஊரிலை எவடம்?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்பா ஆரின்ரை மகன் என்று அடுத்த கேள்வி வரும். அங்காலை என்றேன். தேத்தண்ணி முடியும்வரை மனிதர் மழையைப் பற்றிக் கதைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஃபுல்லர், துணி மிதிக்கும் தொட்டியின் படத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருப்பதாகச் சொன்னார். வருகிறவர்களுக்கெல்லாம் அவருடைய மனைவிதான் இப்போது கதை சொல்கிறாளாம். நல்லது என்றேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா என் பிரஜாவுரிமைச் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"பழையபடி மாத்தட்டோ அப்பா?"

"மாத்தினால் மட்டும்? விடு." தாளையும் பேனையையும் எடுத்தார். "இந்தப் பேரை எழுதப் பழக்கு. பிள்ளையின்ரை பேரை எனக்கு எழுதத் தெரிஞ்சிருக்க வேணும்."

தமிழில் எழுதிக் கொடுத்தேன். பார்த்து எழுதினார். இரண்டு எழுத்து சரியாக வந்தது. மூன்றாவதில் கை தன் பாட்டுக்குப் பழைய பெயரை முடித்துவிட்டது.

"கை கேக்குதில்லை," என்றார். திரும்ப எழுதினார். திரும்பவும் அதுவே வந்தது. தாள் முடியும்வரை எழுதினார். தாள் முழுக்க அவருடைய பெயர்தான் இருந்தது.