மலைமேல் வரைந்த ஏரி

மலைப் பூங்கா அலுவலகத்தின் புகார்ப் பதிவேட்டில் அவளைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "பொழுதுபோக்குப் பார்வையாளர். வருகை நோக்கம்: காற்று வாங்குதல். புகாரின் வகை: இதர."

வாரத்தில் ஆறு நாள் நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன் நின்று, விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து அடுக்குகிறவளுக்குப் போக்குவதற்குப் பொழுது ஏது என்று குமாஸ்தா கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

முன்பெல்லாம் அவள் உண்மையாகவே காற்று வாங்கத்தான் போனாள். ஞாயிறுதோறும் கணவன், பத்து வயது மகள், ஒரு சாப்பாட்டுத் தூக்கு, உட்கார ஒரு கிழிந்த விரிப்பு. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு படி. உச்சியில் புல்வெளி, அதன் விளிம்பில் கம்பி வேலி, வேலியை ஒட்டி நகரத்தை வரைந்து பெயர் குறித்த நீளப் பலகை. கீழே தெரியும் மணிக்கூண்டையும் ரயில் நிலையத்தையும் பலகையில் விரல் வைத்துத் தேடுவதே மகளுக்கு விளையாட்டு.

இந்த ஆண்டு பலகையைப் புதிதாக மாற்றினார்கள். அவர்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தில் ஏரி இருந்தது.

ஓவியர் வெளியூர்க்காரர். வேலை நாளில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவர். அந்தத் தெருவில் நான்கு லாண்டரிகள். நான்கு பாய்லர்களும் ஓடும்போது பள்ளத்தில் நீராவி வெள்ளையாகத் தேங்கி நிற்கும். அவர் அதைத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். மனசாட்சியுள்ள மனிதர் போலிருக்கிறது. ஏரி வெறுமையாக இருக்கக் கூடாதென்று இரண்டு படகுகளும் விட்டிருந்தார்.

பள்ளியிலிருந்து மலைக்குக் கூட்டிப்போன ஆசிரியை, அவரவர் வீட்டைப் பலகையில் காட்டச் சொன்னார். மகள் ஏரியில் விரல் வைத்தாள். மறுநாளிலிருந்து வகுப்பில் அவள் பெயர் மீன்குட்டி. அதன்பின் மலைக்கு வர மறுத்தாள். வேறொன்றும் செய்தாள், அது பள்ளி வாசலில் இன்னொரு தாய் சொல்லித்தான் தெரிந்தது.

"உன் வீடு மணிக்கூண்டுப் பக்கம்னு சொன்னியாமே?"

"அத்தை வீட்டைச் சொன்னேன்."

"நம்ம வீடு இருக்கும்போது அத்தை வீட்டை ஏன்டி சொன்ன?"

"அது படத்துல இருக்கும்மா."

கணவன் சிரித்துத் தள்ளிவிடப் பார்த்தான். "விடு. ஏரிக்கு நடுவுல வாடகைக்கு இருக்கறவன் நான் ஒருத்தன்தான். ஒரு தூண்டில் வாங்கிப் போட்டா மீன் செலவு மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்து, மலையடிவாரத்துப் பூங்கா அலுவலகத்துக்குப் போனாள்.

பூங்கா அலுவலர் கெட்டவர் அல்ல. ஒன்பது ஆண்டுகளாக மலையை நிர்வகிக்கிறார், அதில் ஏறாமல். முறைப்படி காவலாளியை மேலே அனுப்பிச் சரிபார்த்தார். அது வேலை நாள். காவலாளி இறங்கி வந்து, "வெள்ளையா, தண்ணி மாதிரிதான் சார் தெரியுது" என்றார்.

"கேட்டீங்களாம்மா?"

"அது ஆவி சார். ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க, தெரு தெளிவா தெரியும்."

"ஞாயிறு எனக்கு லீவும்மா. போட்டோவும் செல்லாது, வேலை நாள்ல நேர்ல சரிபார்க்கணும்."

ஆக, அலுவலருக்கு வேலை இருக்கும் நாளில் தெரு இல்லை. தெரு இருக்கும் நாளில் அலுவலர் இல்லை. வேறு யாராவது இந்த இடத்தில் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவளோ, அலுவலரை மாற்றுவதைவிட ஆவியை நிறுத்துவது சுலபம் என்று முடிவு செய்தாள்.

பாய்லரில் படியும் உப்பைச் சுரண்ட ஆண்டுக்கு ஒரு நாள் அதை அணைத்தாக வேண்டும். நான்கு முதலாளிகளும் நான்கு வெவ்வேறு நாளில் அணைப்பார்கள். ஒருவர் அணைக்கும் நாளில் மற்ற மூவரும் அவருடைய வாடிக்கையாளர்களுக்கு வலை வீசுவார்கள். தெருவின் எழுதாத சட்டம் அது. அவள் தன் முதலாளியிடமிருந்து தொடங்கினாள்.

"பாய்லரை என்னிக்கு நிறுத்தணும்னு நீ சொல்றியா?"

"உங்க லாண்டரியும் தண்ணிக்கு அடியிலதான் சார் இருக்கு. மேல போய்ப் பாருங்க, உங்க கூரை மேல படகு போகுது."

அவர் போய்ப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். மற்றவர்களிடம் அவள் வேறு கணக்குச் சொன்னாள்: நான்கு பேரும் ஒரே நாளில் நிறுத்தினால் யாரும் யார் வாடிக்கையையும் பிடிக்க முடியாது. இருவர் மசிந்தார்கள். கடைசி முதலாளி அவளுடைய முதலாளியோடு ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். அவரிடம் மூன்று வாரம் நடந்தாள். கல்லில் நார் உரித்தாள். "உன் தொல்லை தாங்கலம்மா. புதன்கிழமை அணைக்கிறேன், போ!" என்றார் அவர்.

புதன்கிழமை காலை சாப்பாட்டுத் தூக்கோடு அலுவலகத்தில் நின்றாள்.

"அதான் ஆள் அனுப்பிப் பார்த்தாச்சே?"

"கையெழுத்து போடறது நீங்கதானே சார். நடங்க."

நானூறாவது படியில் அலுவலர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். "ஏம்மா, ஏரி பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே?"

"இன்னும் ஐந்நூத்துப் பன்னெண்டுதான். தண்ணி குடிச்சிட்டு வாங்க."

உச்சியில் அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஆவி இல்லை. நான்கு புகைபோக்கிகள், மொட்டை மாடிகளில் கொடி கொடியாக விரிப்புகள், தெருமுனையில் நிற்கும் வண்டி எல்லாம் தெரிந்தன. பலகையைப் பார்த்தார். மறுபடியும் கீழே பார்த்தார்.

"ஏரி எங்கம்மா?"

"வச்சது நீங்க சார். என்னைக் கேட்டா?"

ஓவியர் மறுபடி வர மாதக்கணக்காகும் என்றார் அலுவலர். அதுவரை காத்திருக்க முடியாது என்றாள் அவள். காவலாளி வேலிக்கு அடிக்கும் சாம்பல் நிறப் பெயின்டையும், எழுதக் கொஞ்சம் கறுப்பையும் கொண்டுவந்தார். படகுகள் இரண்டும் அவர்கள் கண்முன்னே மூழ்கின. பெயின்ட் காய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு, அலுவலரே தூரிகையை வாங்கிக் கறுப்பில் 'லாண்டரித் தெரு' என்று எழுதினார்.

அந்த ஞாயிறு மகளும் மலைக்கு வந்தாள். எழுத்து கோணலாக இருக்கிறது என்று குறை சொன்னாள். திங்கட்கிழமை வகுப்பில் தன் வீட்டைச் சொன்னாள்.

நான்கு பாய்லர்களை ஒரே நாளில் அணைக்க வைத்து, ஓர் அலுவலரைத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு படி ஏற்றி, அவள் தன் தெருவைப் படத்தில் சேர்த்தாள்.