பச்சை வந்தால் போதும்

பச்சை நிறத்தைக் கண்டாலே இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. வயலில் இருக்கும் பச்சையைச் சொல்லவில்லை. எல்லாம் சரி என்று கம்ப்யூட்டர் திரையில் வந்து நிற்குமே, அந்தப் பச்சை. அதைக் காட்டும் ஏற்பாட்டைக் கட்டியவனே நான்தான் என்பதால் யாரிடமும் போய் அழவும் முடியாது.

பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களுக்காக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை வைத்துத் தமிழில் ஒரு மென்பொருள் தொகுப்பை ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தினோம். ஆளுக்கொரு ஊர், பேச்செல்லாம் போனில். அதிலுள்ள ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பேக்கேஜ். யாராவது ஒன்றில் கை வைத்தால் என் இயந்திரம் அதைத் தானாகக் கட்டி, சோதித்து, தேறினால் பச்சை காட்டி எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அனுப்பிவிடும். அது காரைக்காலில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்தது. உப்புக்காற்றில் துருப்பிடிக்கிற திருகாணிகளை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

என் அக்காவுக்குப் பார்வை கிடையாது. வரிச்சிக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். எங்கள் தொகுப்பிலிருந்த பேச்சு பேக்கேஜ் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும். அதை வைத்து வினாத்தாளைத் தானே அடித்து, தானே பிழை திருத்துவாள். 'இத படிச்சுச் சொல்லுங்க' என்று யாரிடமும் நிற்பதில்லை. அந்த ஒன்றில் அவளுக்கு அவ்வளவு ரோஷம்.

அந்த பேக்கேஜ் சோதனையில் அடிக்கடி தோற்றது. காரணத்தைத் தேடுவோம் என்றேன். குழுவில் ஒருவன், "எதுக்குண்ணே டென்ஷன்? மூணு தடவ ஓட்டுனா ஒரு தடவ பாஸ் ஆயிடுது" என்று, தேறும்வரை திரும்பத் திரும்ப ஓட வைத்துவிட்டான். எங்கள் சித்தப்பா கல்யாணத்துக்குக் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தது இப்படித்தான். பொட்டலத்தை எடுத்த குழந்தையின் கையில் சிவப்புப் பூ வந்தது; வெள்ளை வந்தால்தான் சாமி சம்மதம். குழந்தை அவசரத்தில் எடுத்துவிட்டது என்று மறுபடி எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வரும்வரை விடவில்லை. அந்தக் கல்யாணம் போன போக்கு ஊருக்கே தெரியும்.

ஒரு திங்கட்கிழமை, அப்படித் தேறிய பேக்கேஜ் வந்து இறங்கி அக்காவின் கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது. வினாத்தாளைப் பக்கத்து டீச்சர் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. தலைமையாசிரியர் கரிசனமாகத்தான் சொன்னாராம்: "பேப்பர் வேலய இனிமே வேற யாராச்சும் பாத்துக்கட்டும். டீச்சர் செய்யுள் மட்டும் நடத்துனா போதும்." அக்கா அன்று சாப்பிடவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வினாத்தாளோடு உரைநடையும் இலக்கணமும் நிஜமாகவே கையைவிட்டுப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

குழுவில் கேட்டேன். "நம்ம பக்கம் பச்சையாத்தானே இருக்கு" என்றார்கள். செத்த மீனுக்குத் தண்ணீர் தெளித்துப் பளபளவென்று வைப்பவன்கூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் செய்வான். இவர்களுக்கு நாற்றமே தெரியவில்லை.

சண்டை போட்டு ஒரு ஏற்பாடு செய்தேன். பேச்சு பேக்கேஜ் மட்டும் நேராக வெளியே போகாது. முதலில் அக்காவிடம் வரும். அவள் போட்டுப் பார்த்து, 'பேசுது' என்று பதில் அனுப்பினால்தான் மற்றவர்களுக்குப் போகும். கொஞ்சநாள் ஒழுங்காக நடந்தது. அவளுக்கும் அதில் பெருமைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். புதிய பேச்சு பேக்கேஜ் எல்லோருக்கும் போய்விட்டதாக என் போனில் செய்தி வந்தது. ஒப்புதல் கொடுத்தவர் என்ற இடத்தில் அக்கா பெயர்.

"நீ பேசுதுன்னு அனுப்புனியாக்கா?"

"நான் இன்னும் கம்ப்யூட்டரையே போடலையே."

இயந்திரத்தை ஓட்டும் நிரலைத் திறந்து பார்த்தேன். அக்காவின் பதில் வரத் தாமதமானால், அவள் பெயரில் 'பேசுது' என்று இயந்திரமே எழுதிக்கொள்ளும்படி நாலு வரி சேர்த்திருந்தார்கள். மூன்று தடவை ஓட்டச் சொன்னவனுக்கே போன் போட்டேன். "அக்கா லேட் பண்றாங்கண்ணே. அதான் அதையும் ஆட்டோமேட் பண்ணிட்டோம்" என்றான். ஸ்பீக்கரில் இருந்ததால் அவளும் கேட்டாள்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் தன் கம்ப்யூட்டரைப் போட்டாள். சாவிகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். சத்தமே இல்லை.

"பேசுதா இல்லையான்னு சொல்றதுக்கு மட்டுந்தாண்டா அவங்களுக்கு நான் வேண்டியிருந்துச்சு. அதையும் அவங்களே சொல்லிக்கிட்டாங்களா?" என்றாள்.

நான் போய் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலிருந்த இயந்திரத்தின் ஒயரைப் பிடுங்கினேன்.