சும்மா கிடக்கும் இருபது அடி

மேசைக்கும் தூணுக்கும் இடையிலுள்ள சந்தில் ஸஹாப்தீன் முதலாளி இன்றைக்கும் பக்கவாட்டாகத்தான் நுழைகிறார். வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்து, வலது கையால் தூணைத் தொட்டுக்கொண்டு ஒரு காலை வைத்து மறு காலை இழுக்கிறார். இப்போதிருக்கும் அவரைப் போல இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு போகுமளவுக்கு அங்கே இடமிருக்கிறது. கடந்து வந்த பிறகு திரும்பிப் பார்த்து, "சே" என்று தமக்குள் சொல்லிக்கொள்கிறார். பிறகு தேயிலைத் தோட்டத்துச் சாமான்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடுகிறார்.

பதுளை பஜாரில் கம்பளி, படங்கு, கொழுந்துக் கூடை, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி விற்கும் கடை அவருடையது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் நான் அறைக்குப் போவது. அதனால் இரண்டு ஸஹாப்தீன்களையும் எனக்குத் தெரியும். முதலாமவர் முந்நூற்றுப் பத்து றாத்தல். இரண்டாமவர் நூற்று ஐம்பதுக்கும் கொஞ்சம் கீழே. முதலாமவரை நிறுக்க எந்த டொக்டரிடமும் தராசு இருக்கவில்லை. ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். பார்சல் கிளார்க் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "எந்த ஊருக்கு அனுப்புறதுங்க?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி அவரே வயிறு குலுங்கச் சிரிப்பார். அன்றைக்குக் குலுங்க வயிறு இருந்தது.

சிரித்தாலும் அந்த உடம்போடு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பள்ளிவாசலில் முதல் வரிசை ஓரத்தில் நாற்காலி போட்டுத்தான் தொழுவார். நெற்றி நிலத்தில் பட்டுப் பதினோரு வருஷம் என்பார். படுத்தால் மூச்சு முட்டும். நாற்பத்தாறு வயதில், ஐம்பதைப் பார்க்கமாட்டீர் என்று டொக்டர் கையை விரித்தபோதுதான், சீமையில் படித்துவிட்டுக் கொழும்புக்கு வந்திருந்த ஒரு சத்திரசிகிச்சை நிபுணரைப் பற்றி யாரோ சொன்னார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் ஸஹாப்தீன் முதலாளி கொழும்புக்கு ரயில் ஏறினார். வயிற்றைக் குறைக்க வயிற்றை வெட்டுவதா என்று பஜாரே வாயைப் பிளந்தது. நானும் பிளந்தேன், பொய் சொல்வானேன்.

என்ன செய்தார்கள் என்று அவர் விளக்குவதைக் கேட்கவேண்டும். "தெமோதரைல ரயில் என்ன செய்யுது மாஸ்டர்? ஸ்டேஷனத் தாண்டி, மலைய ஒரு சுத்துச் சுத்தி, திரும்பி வந்து அதே ஸ்டேஷனுக்குக் கீழால போகுதில்லயா? டொக்டர் என்ன செஞ்ச எண்டா, அந்தச் சுத்த இல்லாம ஆக்கிட்டார். மேல் கொடல வெட்டி, நேராக் கொண்டுபோய்க் கீழ் கொடல்ல மாட்டியாச்சி. சாப்பாடு வாற வேகத்துல ஒடம்புல ஒண்டும் ஒட்டாது." இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "மத்தக் கொடலு இருபது அடி, வெட்டி வீசல்ல மாஸ்டர். அப்புடியே உள்ளதான் ஈக்கி. ஒரு வேலையும் இல்லாமச் சும்மா கெடக்கு." சொல்லிவிட்டு, பாவம் அதற்கு என்ன தோன்றுமோ என்பது போல வயிற்றைத் தடவிக்கொள்வார்.

மலையைச் சுற்றாமல் நேராக இறங்கினால் ரயில் என்ன கதியாகும் என்பதைப் பிறகுதான் கண்டுகொண்டார். ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை. பதுளையிலுள்ள கக்கூஸ்களின் நிலவரம் இன்று அவரைப் போல வேறு யாருக்கும் தெரியாது. எங்கே வாளியில் எப்போதும் தண்ணீர் இருக்கும், எந்தக் கதவில் கொக்கி இல்லை, எவர் முகம் சுளிக்காமல் சாவி தருவார் எல்லாம் அத்துப்படி. மொனராகலையில் இருக்கிற தங்கை ஸைனபைப் பார்க்க மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தவர், இரண்டு வருஷமாகப் போகவில்லை. "வழியில எறங்க எடமில்ல மாஸ்டர்" என்கிறார். அண்ணனை நானா என்று அழைக்கும் தங்கைக்கு, அவர் தன்னை ஒதுக்கிவிட்டார் என்று மனத்தாங்கல். காரணத்தைக் கடிதத்தில் எழுத இவருக்கு வெட்கம்.

எல்லாம் துன்பம் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு நாள் நான் கடைக்குள் நுழையும்போது மேசை மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாஸ்டர், இங்க பாருங்க, என்ட கால் பெருவெரல்ல ஒரு மச்சம் ஈக்கி! இருவது வருஷமா நான் இதப் பாக்கல்ல." நானும் குனிந்து பார்த்து நல்ல மச்சம் என்றேன். துன்ஹிந்தை அருவிக்கு மனைவியோடு நடந்து போய் வந்தார். பள்ளிவாசலில் நாற்காலியை ஒதுக்கிவிட்டு முதன்முதலாக நெற்றியை நிலத்தில் வைத்த அன்று, அப்படியே கிடந்து குலுங்கிக் குலுங்கி அழுதாராம்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டு நின்றால், தொழுது முடிவதற்குள் வயிறு அதை முறித்துவிடுகிறது. மறுபடி ஓடவேண்டும், மறுபடி கழுவவேண்டும். "குனிய ஏலாத காலத்துல ஒளு நிண்ட. இப்ப குனிய ஏலும், ஒளு நிக்குதில்ல. இதுல அல்லாஹ் எனக்கு என்ன சொல்றான் எண்டு விளங்குதில்ல மாஸ்டர்." நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, வேளைக்கு ஒரு ஒளுவோடு தொழுதுகொள்ளலாம் என்று மவ்லவி கிதாபைப் பார்த்துச் சொல்லிவிட்டார். இவருக்கு மனம் ஒப்பவில்லை. முதல் வரிசையில் நாற்காலியில் இருந்தவர் இப்போது கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

வியாபாரத்திலும் உடம்பு அவரைக் காட்டிக்கொடுத்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குத் தலையிலிருந்து முதுகு வழியாகப் போட்டுக் கட்டுகிற கம்பளிக்கு அவர் கடையில் முழக்கோல் கிடையாது. கம்பளியை எடுத்துத் தம்மைச் சுற்றிப் பிடிப்பார். முனையும் முனையும் தொப்புளில் தொட்டால், "எடுத்துட்டுப் போ, ஒனக்கு மழ படாது" என்பார். தோட்டங்களில் அந்த அளவுக்குத் தனி மரியாதை இருந்தது. கொழும்பிலிருந்து திரும்பிய பிறகும் அதே பழக்கம். முனையும் முனையும் தொடுகிறதா, தொடுகிறது, எடுத்துக்கொடு. தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெண்கள் நனைந்துகொண்டு திரும்பி வந்தார்கள். கம்பளி முதுகுக்கே பற்றவில்லை. முதலாளி என்ன செய்தார் தெரியுமா? கம்பளி அனுப்புகிறவரை டெலிபோனில் கூப்பிட்டு, அளவை வெட்டிவிட்டீர்கள் என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அவருடைய மனைவி ரஹ்மத்தும்மா உள்ளேயிருந்து வந்து, கம்பளியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அப்போதுதான் முதலாளிக்கு உறைத்தது.

அடுத்த சம்பளத்துக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கடையில் இருந்தேன். கருப்பம்மா என்கிற நடுவயதுக் கொழுந்துக்காரி படியேறி வந்து கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பெரிய மொதலாளி இல்லீங்களா?"

"நான்தான் கருப்பம்மா."

"வெளையாடாதீங்க தம்பி. அவரக் கூப்புடுங்க. அவரு மேல சுத்திப் பாத்துத்தான் நான் கம்பளி எடுக்குறது."

அவர் தாமே ஸஹாப்தீன் என்று நிரூபிக்க, அவள் புருஷன் பெயர், அவள் தோட்டத்துக் கங்காணி பெயர், போன தடவை அவள் வாங்கிய கத்தி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கருப்பம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அய்யோ சாமி, என்னா சீக்குங்க ஒங்களுக்கு?" என்று தலையில் கைவைத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "சீக்கு இல்ல, சொகமாகிட்டேன்" என்று அவர் சொன்னது அவள் காதில் ஏறவேயில்லை. கம்பளி வாங்காமல், தான் வழிக்குக் கொண்டுவந்த ரொட்டியில் பாதியை மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். அவர் அந்த ரொட்டியைச் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து பின்னால் ஓடினார்.

சுகமாகிவிட்டேன் என்று அவர் சொன்னதும் உண்மையில்லைதான். போன மாதம் கொழும்பு டொக்டரிடமிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. தமிழில் சொல்லச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஈரல் கெட்டுக்கொண்டு வருகிறது. இந்த நோயாளிகள் பலருக்கு இப்படியாகிறது என்று இப்போதுதான் தெரிகிறது. குடலைப் பழையபடி இணைத்துவிட்டால் ஈரல் தேறும், ஆனால் எடை முழுதும் திரும்பி வரும். இணைக்காவிட்டால் தாம் பொறுப்பில்லை. முடிவைத் தந்தியில் அறிவித்தால் கட்டில் ஒதுக்கி வைக்கப்படும்.

இதை அவருக்கு ஏழு தடவை வாசித்துவிட்டேன். ஏழாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பொருத்தினாப் பழைய ஆள். பொருத்தாட்டி ஆளே இல்ல. இதானே எழுதியீக்கி?"

"அப்படித்தான் முதலாளி."

"அப்ப ரெண்டு வருஷம் எனக்கு நடந்தது என்ன?"

நான் தாளை மடித்து உறையில் போட்டேன். அந்தக் கடிதத்தை எழுதியவர் மேல் கோபம்தான் வந்தது. ஒரு மனிதனைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இப்போது மூடச் சொல்கிறார்கள். ஆனால் பிரிக்காவிட்டால் இந்த மனிதர் இன்றைக்கு இருந்திருப்பாரா என்றும் எனக்குத் தெரியாது.

"அந்த ஒடம்புல மூச்சுத்தான் முட்டின. மத்தப்படி சொகமா இருந்த மாதிரித்தான் ஈக்கி" என்றார் அவர். கொஞ்சம் யோசித்து, "இல்ல மாஸ்டர், அதுவும் பொய். அப்பவும் பயந்து பயந்துதான் இருந்த" என்றார். "இந்த ஒடம்பு நல்லம். கால் தெரியுது. ஆனா இது என்ட மாதிரி இல்ல. யாரோ போட்டுக்கோ எண்டு தந்த சட்ட மாதிரி." பிறகு அதையும் மறுத்தார். இப்படியே பிளேன்டீ ஆறிப்போகும்.

ரஹ்மத்தும்மாவிடம் கேட்டால் அவர் முறத்திலிருந்து தலையைத் தூக்குவதில்லை. "ஒரு சின்னச் சுண்டு அளவு அரிசிக்கு எனக்கு உப்புப் போடத் தெரியா மாஸ்டர். ரெண்டு வருஷமா ஒவ்வொரு நாளும் உப்புக் கூடித்தான் போகுது. அந்த மனிசனையும் பாத்தாச்சி, இந்த மனிசனையும் பாத்தாச்சி. எவர் உசிரோட ஈக்கிறாரோ, எனக்கு அவர் போதும்." சொல்லிவிட்டு, புடைத்த அரிசியையே மறுபடி புடைத்தார். நான் ஏதோ வேலை இருப்பது போல எழுந்து வந்தேன்.

தந்தி அனுப்பக் கடைசி நாள் திங்கட்கிழமை. அதற்கு முதல் நாள் மத்தியானம் ஜுனைதீன் ஹாஜியாரின் மகள் காமிலாவுக்குக் கல்யாணம். பஜாரில் எல்லாருக்கும் அழைப்பு, எனக்கும் சேர்த்து. சாப்பாட்டுக் கூடத்தில் பாய் விரித்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, பெரிய சகன் தட்டுகளில் சோறு வைத்திருந்தார்கள். ஒரு சகனுக்கு ஆறு பேர். சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடவேண்டும். ஆளை எண்ணி உட்காரவைக்கும் பொறுப்பு பெண்ணின் மாமா ஸமீமுக்கு. அவர் கை நீட்டிய இடத்தில் நாங்கள் உட்கார்ந்தோம். ஸஹாப்தீன் முதலாளி, அவருக்கு இடது பக்கம் நான், பஜார்க்காரர்கள் இன்னும் மூன்று பேர்.

ஐந்து பேர் உட்கார்ந்ததும் ஸமீம் அடுத்த சகனுக்குப் போய்விட்டார். இதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. பதுளையில் எந்தக் கல்யாணத்திலும் ஸஹாப்தீன் உட்கார்ந்த சகனுக்கு ஐந்து பேர்தான். அவருடைய உடம்புக்கு இரண்டு ஆள் இடம் வேண்டும், அவருடைய கைக்கு இரண்டு ஆள் சோறும் வேண்டும். முப்பது வருஷக் கணக்கு. ஸமீமின் கை பழைய கணக்கில் எண்ணிவிட்டது, நாங்களும் பழைய கணக்கில் தள்ளி உட்கார்ந்துவிட்டோம். முதலாளியின் வலது பக்கத்தில் ஒரு ஆள் இடம் வெள்ளைத் துணியாகக் கிடந்தது.

"நாளைக்கு என்ன சொல்லப்போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரியா மாஸ்டர். விடிய சுபஹுத் தொழுகைல ஒண்டு நெனைக்கிறேன், பகல் லுஹருல ஒண்டு நெனைக்கிறேன்" என்றார். சகனின் நடுவிலிருந்த கோழியைப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வெறுமனே வைத்திருந்தார்.

வாசலில் பிந்தி வந்த ஒருவர், மஹியங்கனைப் பக்கத்திலிருந்து வந்த புதியவர், இடம் தேடிக்கொண்டு நின்றார். ஸமீம் கூடத்தை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் சகனில் கண் நின்றது. உதடு அசைய எங்களை எண்ணினார், மறுபடி எண்ணினார். தம்முடைய தவறு தெரிந்து முகம் மலர்ந்தது.

"அட, இங்க ஒரு ஆள் கொறயுதே! வாங்க வாங்க, இதுல இரிங்க" என்று அந்த மனிதரின் தோளைப் பிடித்து அழைத்து வந்தார்.

புதியவர் இடுப்புச் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு உட்காரக் குனிந்தார். ஸஹாப்தீன் முதலாளியின் வலது கை, கழுவிய ஈரத்தோடு, அந்த வெள்ளைத் துணியின் மேல் போய் விரிந்தது.

"இங்க ஆள் ஈக்கி" என்றார்.

ஸமீம் திகைத்து நின்றார். புதியவர் பாதி குனிந்தபடியே எங்களைப் பார்த்தார். முதலாளி யாரையும் பார்க்கவில்லை. இடது கையால் சோற்றைத் தொட முடியாது. வலது கையை எடுத்தால்தான் சாப்பிடலாம். அவர் எடுக்கவில்லை.