என் மாமியாரின் உப்பேரிக் கொட்டகை

நான் கல்யாணமாகி நெய்யாற்றங்கரைக்குத் தெற்கே அந்த ஆற்றோரக் கிராமத்துக்கு வந்தபோது அறுபதுகள் பாதி கழிந்திருந்தன. வந்த முதல் வாரத்திலேயே மாமியாரைப் பார்த்துப் பயந்துவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை, ஒரு வார்த்தை கடிந்து பேசவும் இல்லை. ஆனால் நான் கண்விழித்து எழுந்து வரும் நேரத்தில் அவர் வாழைத்தோட்டத்துக்குப் போய்த் திரும்பி, உடுத்திருந்த முண்டுத் துணியை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டியபடி கிணற்றடியில் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருப்பார். அதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாகியிருக்கும், கூலிக்காரர்களுக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு மனுஷியால் இவ்வளவு முடியுமா என்பதுதான் என் பயம்.

எங்கள் பக்கத்தில் மாமியாரை 'மாமி' என்றும் மாமனாரை 'மாமா' என்றும்தான் கூப்பிடுவது. மாமி வெள்ளறடைப் பக்கம் மலையடிவாரத்தில் பிறந்தவர். சின்ன வயதில் கட்டிக்கொடுத்து அனுப்பியபோது மாமாவின் வீட்டில் நிலம் என்று சொல்ல ஆற்றங்கரையில் ஒரு துண்டுதான் இருந்ததாம். மாமி அக்கம்பக்கத்துத் தரிசைப் பாட்டக் குத்தகைக்கு எடுத்து, ஏத்தவாழை என்கிற நேந்திரன் நட்டு, வருடத்துக்கு வருடம் அகலப்படுத்தினார். குலைகளை மாட்டுவண்டியில் ஏற்றிச் நகரத்துச் சாலைக் கம்போளச் சந்தைக்கு அனுப்புவார்கள். மாமா வண்டியோடு போய் விற்றுவிட்டு வருவார். மாமா சிரித்த முகக்காரர். பேச்சில் ஊரையே கட்டிப்போடுவார். மண்வெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

நான் வந்த மறு வருடம் கர்க்கடக மாதத்து ஆடி மழையில் ஆறு ஏறி வந்தது. ஓணத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. குலைகள் பாதி மூப்பில் நின்றன. காலையில் பார்த்தால் தோட்டம் முழுக்க இடுப்பளவுத் தண்ணீர், பாதி வாழை சாய்ந்து கிடக்கிறது. மூக்காத, முற்றாத காயைச் சாலைச் சந்தையில் ஒரு வியாபாரியும் தொட மாட்டான். மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மாமி வரப்பு இருந்த இடத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் வெட்டுக்கத்தியை எடுத்து வந்தார்.

"மூக்காட்டியும் காய் காய்தானே. எண்ணெயில போட்டா வேவும். அழுகுததுக்கு முன்ன வெட்டுங்க" என்றார்.

வீட்டில் இருந்த எல்லோரும் தண்ணீரில் இறங்கினோம். நானும் இறங்கினேன். குலைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டே இழுத்து வந்தோம். பலாமரத்தடியில் ஓலை வேய்ந்து அவசரக் கொட்டகை ஒன்று எழும்பியது. கோயில் விருந்துக்குச் சமைக்கும் பெரிய வெண்கல உருளி ஒன்றை மாமி எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்தார். கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு காயின் தோலைச் சீவ எனக்குச் சொல்லித்தந்தது அன்றுதான். காய்ந்த எண்ணெய்க்கு நேர் மேலே காயைப் பிடித்து வட்டவட்டமாக மாமி அரிவார். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் எண்ணெயில் விழும். கடைசியில் மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரைத் தெளித்ததும் உருளி சீறி எழும். நான் பின்வாங்கி ஓடுவேன். மாமி அசையமாட்டார்.

முற்றாத காயின் உப்பேரி, அதாவது வாழைக்காய் வறுவல், வெளுப்பாகத்தான் வந்தது. மாமா அதை நல்ல காய் என்று சொல்லி விற்றுவிடலாம் என்றார். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளத்தில் போன தோட்டத்துக் காய் என்று சொல்லியே விற்கவேண்டும், வேண்டுகிறவர்கள் வாங்கட்டும் என்று கறாராகச் சொல்லி அனுப்பினார். நகரத்துப் பழவங்காடியில் கோயிலுக்கு வந்த ஜனம் வாங்கித் தின்றது. பல்லுக்கு மெதுவாக இருக்கிறது என்று மறுபடியும் கேட்டது. அந்த ஓணத்தோடு குலை விற்கிற குடும்பம் உப்பேரிக் குடும்பமாயிற்று. ஓலைக் கொட்டகை ஓட்டுக் கொட்டகையாயிற்று. பழவங்காடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடையும் பிடித்தோம். கடைப் பொறுப்பு மாமாவுக்கு. வாரத்தில் பாதி நாள் அவர் அங்கேயே தங்கிவிடுவார். பஸ் கிடைக்கவில்லை, சரக்கு வரவேண்டும் என்று காரணங்கள் இருக்கும். மாமி ஒன்றும் கேட்கமாட்டார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் மாமா கடையிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவந்தோம். முற்றத்தில் ஊர் கூடியிருந்தது. வேலிக்கு வெளியே, நல்ல வெயிலில், ஒரு பெண்ணும் பாவாடை கட்டிய சிறுமியும் நின்றார்கள். யாரும் அவர்களிடம் பேசவில்லை, ஆனால் எல்லோரும் பார்த்தார்கள். சிறுமியின் மூக்கும் நெற்றியும் மாமாவை உரித்து வைத்திருந்தன. எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடைக்குப் பக்கத்துக் கரமனையில் மாமாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கிறது.

என் கணவர் முகம் சிவந்து அவர்களை விரட்ட எழுந்தார். அதற்குள் மாமி, மாமாவின் தலைமாட்டில் இருந்தவர், எழுந்துவிட்டார். பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். கையை விடுவித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்து வேலிக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன், என்ன நடக்குமோ என்று.

அந்தப் பெண் தலை குனிந்து நின்றாள். மாமி சிறுமியின் கையைப் பிடித்தார்.

"பிள்ளய வெயிலத்து நிறுத்தாத. உள்ள வா. நீயும் அவருக்குச் சோறு ஆக்கினவதானே" என்றார்.

உள்ளே கூட்டிவந்து மாமாவின் கால்மாட்டில் இருவரையும் உட்கார்த்தினார். நான் வாழ்ந்த வருடங்களில் அதைப்போல் ஒன்றை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் கடையைப் பற்றிப் பேச்சு வந்தது. கடையைக் கைமாற்றிவிடலாம் என்றார் என் கணவர். மாமி, அதை அந்தப் பெண்ணே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். என் கணவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மே, அவளுக்க கையில கடையக் குடுத்தா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இத்தன வருஷம் கடைய நடத்தினது ஆருன்னு நீ நெனச்ச? உனக்க அப்பனா? அவருக்கு வெத்தில போடவும் நாலு பேரிட்ட கத பறயவும்தான் நேரம். எனக்க உப்பேரிய வித்தது அவளாக்கும்."

எந்தப் பண்டிகைக்கு எவ்வளவு சரக்கு வேண்டும், வெல்லம் பூசிய சர்க்கரை வரட்டி எப்போது போகும் என்று கடையிலிருந்து சரியாகச் சொல்லி வரும். அந்த மூளை மாமாவுடையது அல்ல என்று மாமி எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்தும் வாய் திறக்காமல் காயை அரிந்துகொண்டே இருந்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அப்படித்தான் கரமனைக்காரி எங்களுக்குச் 'சின்ன மாமி' ஆனார். கடை அவர் பொறுப்பு, தோட்டமும் கொட்டகையும் மாமி பொறுப்பு. ஓண நெருக்கத்தில் கடையை ஆளிடம் விட்டுவிட்டு அவரும் ஊருக்கு வருவார். உருளிக்கு ஒரு பக்கம் மாமி அரிவார், மறுபக்கம் சின்ன மாமி துளைகள் போட்ட கண்ணகப்பையால் கோரி எடுப்பார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளமாட்டார்கள். எண்ணெயின் சத்தத்தை வைத்தே பதம் தெரியும் இருவருக்கும். ஒருவர் நிறுத்துகிற அதே நேரத்தில் மற்றவர் எடுப்பார்.

ஒருநாள் நானும் மாமியும் தனியாக இருந்தபோது அவரிடம் கேட்டேவிட்டேன், மனசில் வருத்தமே இல்லையா என்று. மாமி காயைச் சீவுவதை நிறுத்தவில்லை.

"இல்லாம இருக்குமா மக்ளே? உண்டு. அது ஒரு மூலையில கெடக்கு. அதுக்காக அடுப்ப அணைக்க ஒக்குமா?"

அதற்குமேல் அதைப்பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இருந்தது. மாமி தெய்வம் இல்லை, நம்மைப்போல நொந்தவர்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்தபிறகு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சின்ன மாமியின் மகளுக்கு வரன் வந்தது. பிள்ளை வீட்டார் கொல்லம் பக்கம். அவர்கள் பெண் பார்க்க வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். மாமி அப்படிச் சொல்லிவிட்டார். வந்தவர்களில் ஒரு பெரியவர், பெண் யாருக்கு என்ன முறை என்று துருவினார். சின்ன மாமி சுவரோடு ஒண்டிக்கொண்டார். மாமி காப்பித் தட்டை நீட்டியபடி, "இவ எனக்க மோளு. இவனுக்க தங்கச்சி" என்று என் கணவரைக் காட்டினார். அத்தனை வருடமும் சின்ன மாமியின் மகளிடம் முகம் கொடுத்துப் பேசாதவர் என் கணவர். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா, எனக்க இளையவ" என்றார். கல்யாணத்தில் பந்தலுக்குக் கால் நட்டதிலிருந்து கடைசிப் பந்தி வரை அவர்தான் நின்றார்.

மாமி தன் கடைசி வருடங்களிலும் தோட்டத்துக்குப் போவதை விடவில்லை. நடக்க முடியாமல் போனபின் நாற்காலியில் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார். நட்ட கன்றுகளுக்கு நடுவே அமர்ந்து, இதைத் தள்ளி நடு, அதற்கு மண் அணை என்று ஏவிக்கொண்டிருப்பார். மாமி படுக்கையில் விழுந்ததும், சின்ன மாமி கடையைத் தன் மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்து எங்களோடு தங்கிவிட்டார். குளிப்பாட்டுவதும் தலை வாருவதும் அவர்தான். எங்களை விடமாட்டார்.

ஓண வியாபாரம் முடிந்த வாரத்தில் மாமி போனார். சாலைச் சந்தையிலிருந்து சுமை தூக்கும் தொழிலாளிகள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். கரமனை அக்கிரகாரத்துப் பெண்கள் இருவர், வருடாவருடம் உப்பேரி வாங்கியவர்கள், வழி விசாரித்து வந்து முற்றத்தில் நின்றார்கள். வீட்டில் மாமியின் தலைமாட்டில் யார் உட்காருவது என்ற கேள்வி எழவே இல்லை. சின்ன மாமியை என் கணவர் கைபிடித்துக் கூட்டிவந்து அங்கே இருத்தினார்.