சோல்பானுக்கு வர வேண்டிய ரத்தம்

ஒரின்பாய் முப்பத்தொரு வருஷம் தராஸ் நகரத்துக்கு வெந்நீர் அனுப்பும் கொதிகலனுக்குக் கரி தள்ளியவர். நெருப்புக்குப் பயப்படாத மனுஷன், பெண்கள் விஷயம் என்றால் மட்டும் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொள்வார். மருமகள் ஜனில் நிறைமாதமாக நடமாடியபோது அவள் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் பிரசவத்தில்தான் அவர் பேத்தியின் உயிர் இருந்தது. ஐந்து வயது சோல்பானுக்கு உடம்பில் ரத்தம் ஊறவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாருடைய ரத்தத்தையோ ஏற்றித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வயிற்றிலிருக்கும் குழந்தையின் ரத்தம் அவளுக்குப் பொருந்துகிறது, பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தைப் பையில் பிடித்துவிட்டால் பிழைக்க வழியுண்டு என்று டாக்டர் ரவுஷன் சொல்லியிருந்தாள். மகன் தவுலெத் தொலைவில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தான். நீங்களே முடிவெடுங்கள் என்று போனில் சொல்லிவிட்டான்.

அவரும் எடுத்தார். ரத்தம் பேத்திக்கு. கையெழுத்தும் போட்டாயிற்று.

கொடியை அறுப்பது யார் என்பதில் பேச்சே எழவில்லை. அவருடைய அக்கா குல்யாஷ்தான். தவுலெத்துக்கு அறுத்தவள், சோல்பானுக்கு அறுத்தவள், அந்தத் தெருவில் நாற்பது பிள்ளைகளுக்குத் தொப்புள்தாய். ஆஸ்பத்திரியிலும் அதற்கு இடம் கொடுப்பார்கள். கத்தரிக்கோலை வைக்கும் முன் அவள் கொடியை விரலிடுக்கில் பிடித்து, குழந்தையின் வயிற்றை நோக்கி மூன்று முறை உருவி விடுவாள். பிள்ளையின் ரத்தம் பிள்ளைக்கே போய்ச் சேர வேண்டும் என்பது அவள் கணக்கு. உருவினால் பைக்கு ஒன்றும் மிஞ்சாது, அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாள்.

சொல்லத்தான் போனார். பால் டீ மூன்று கிண்ணம் உள்ளே போயிற்று. ஆட்டின் நொண்டலைப் பேசினார், மழையைப் பேசினார். பிள்ளைப்பேற்றுச் சமாச்சாரத்தை அக்காவிடம் எப்படி வாய்விட்டுப் பேசுவது?

"என்னடா, முள்ள முழுங்கின ஆடு மாதிரி மூஞ்சிய வச்சிருக்க? வந்தத சொல்லு," என்றாள் குல்யாஷ்.

"ஒண்ணுமில்லக்கா. ஆஸ்பத்திரில டாக்டர் சொல்றபடி செஞ்சிரு."

"நான் மொதக் கொடி அறுக்கறப்ப அந்த டாக்டரு பொறக்கவே இல்ல."

அவரும் சேர்ந்து சிரித்தார். பொரித்த மாவுருண்டை நாலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மறுநாள் டாக்டர் கேட்டபோது சொல்லிவிட்டேன் என்றார். ஏதோ சொன்னது நிஜம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் வேறு.

வியாழக்கிழமை முற்பகல் பையன் பிறந்தான். நிறம் வெளுத்து, அழாமல் கிடந்தானாம். நர்ஸ் பையை எடுக்கத் திரும்பிய நேரத்தில் குல்யாஷின் விரல்கள் நாற்பது தரம் செய்ததைச் செய்துவிட்டன. பையன் வீலென்று கத்திச் சிவந்துபோனான்.

வராந்தாவுக்கு டாக்டர் பையோடு வந்தாள். அடியில் கொஞ்சமாய்த் தேங்கியிருந்தது.

"இது சோல்பான் எடைக்குப் பத்தாதுய்யா. உறைய வச்சுக்கலாம். தம்பிக்கு ஒரு வயசு தாண்டட்டும். அவன் எலும்பு மஜ்ஜைய கொஞ்சம் எடுத்து, இதோட சேத்துக் குடுத்துப் பாக்கலாம்."

"அதுவரைக்கும் தாங்குவாளா?"

"அக்காகிட்ட உருவக் கூடாதுன்னு சொன்னீங்களாய்யா?" என்று கேட்டாள்.

"வாய் வரலம்மா."

டாக்டர் திட்டியிருந்தால் தேவலை. காகிதத்தை நீட்டினாள். இருப்பதை உறைய வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

குல்யாஷ் குழந்தையை ஏந்திக்கொண்டு வந்து, தொப்புள்தாய்க்கு உரிய சால்வை எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தார். தப்பு தன்னுடையது, அதை அவள் தலையில் கட்ட அவருக்கு மனசு வரவில்லை. பையனைக் கையில் வாங்கினார். வெதுவெதுப்பாக, ரொட்டிபோல. பேரன் கை அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அப்படியொரு நேரத்திலும் மனசு துள்ளத்தான் செய்தது. அதற்காக வெட்கப்பட்டார்.

பிறகு மாடியேறிக் குழந்தைகள் வார்டுக்குப் போனார். சோல்பான் ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்திருந்தாள். உதட்டில் நிறமில்லை.

"தம்பி வந்துட்டானா தாத்தா?"

"வந்துட்டான்டா."

"எனக்கு ரத்தம் கொண்டாந்தானா?"

ஒரின்பாய் கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் கொண்டாந்தான். இன்னும் கொஞ்சம் அடுத்த வருஷம் தருவான்."

அடுத்த வருஷம் வர எத்தனை நாள் என்று அவள் கேட்டாள்.