மேக் அண்ணனும் விண்டோஸ் தம்பியும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் மெஷின் வாய் திறக்காது. எனக்கு இருக்கிற ஒரே நிம்மதி அதுதான். வீட்டிலோ ஆபிசிலோ "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று மாட்டிவிடப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். சிலிபினில் கடை வைத்திருக்கிறேன். மேக்கும் பார்ப்பேன், விண்டோஸும் பார்ப்பேன். இரண்டு கட்சிக்காரர்களிடமும் பட்டது நிறைய. அதில் ஒரே ஒரு வீட்டுக் கதையை மட்டும் சொல்கிறேன், மனசு ஆறவில்லை.

ஒட்டிக்கும்

மூர்த்தி அண்ணன் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். குனோங் ராபாட்டில் வீடு. மேக்கைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். அவருடைய தம்பி குமரன் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவர். விண்டோஸைத் தவிர மற்றதெல்லாம் வெறும் பந்தா என்பார். தீபாவளிக்குக் கூடினாலும் இதே பேச்சுதானாம். முறுக்குத் தட்டு காலியாவதற்குள் இரண்டு பேரில் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாராம்.

மூர்த்தி அண்ணன் முதல்முறை கடைக்கு வந்தபோது மேக்கைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கீபோர்டில் கோப்பி கொட்டியிருந்தது. "இது கெட்டு ரோசாக் ஆனா என் பொழப்பே போச்சு" என்றார். வாங்கி, மேசையில் இருந்த ஒரு விண்டோஸ் லேப்டாப் பக்கத்தில் வைத்தேன். பதறிப்போய்த் திரும்ப எடுத்துக்கொண்டார். விளையாடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அது பக்கத்துல வைக்காத தங்கச்சி, வைரஸ் ஒட்டிக்கும் லா."

அழைப்பிதழ்

தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் அவர்கள் பிறந்த தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. கோயில் மட்டும் மிச்சம். இருவரும் அதன் கமிட்டியில் இருந்தார்கள். திருவிழா அழைப்பிதழைக் குமரன் ஏதோ பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி அண்ணனுக்கு அனுப்பினார். அந்த எழுத்துரு அண்ணனுடைய மேக்கில் இல்லை. அம்மன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறியும் கொக்கியுமாக வந்து நின்றது. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். மூர்த்தி அண்ணன் அதை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கூட்டத்தில் காட்டி, தம்பிக்குத் தமிழே தெரியவில்லை என்றார். குமரன் அன்றைக்கே கமிட்டியை விட்டு விலகினார்.

கடைசியில் பென்டிரைவோடு என் கடைக்கு வந்தது அவர்களுடைய அம்மா. நான் எழுத்துக்களை மாற்றுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இந்த ரெண்டு பொட்டியும் பேசிக்காதா?"

"பேசும்மா. கொஞ்சம் சொல்லிக் குடுக்கணும்."

பென்டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். "சொல்லிக் குடுத்தெல்லாம் ஆகாது. ரெண்டையும் தூக்கி லோங்காங் சாக்கடைத் தண்ணியில போடு. எவன் கேக்குறான்னு நான் பாத்துக்கிறேன்."

காலி டிஸ்க்

போன வருஷம் அந்த அம்மா இறந்துபோனார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. படம் எடுக்கவே சம்மதிக்காத மனுஷி. எழுபதாவது பிறந்தநாளுக்கு மட்டும் மூர்த்தி அண்ணன் விடாப்பிடியாக உட்கார வைத்து எடுத்திருந்தார். "சரிபண்ணித் தாரேன்" என்று சொல்லிச் சொல்லியே யாருக்கும் அனுப்பவில்லை. எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். ஆண்டு திதிக்குப் பெரிய படமாகப் போட வேண்டும் என்று குமரன் கேட்க, ஒருவழியாக அண்ணன் அந்த டிஸ்க்கைக் கொடுத்தனுப்பினார். அது மேக்குக்காக அமைத்த டிஸ்க் என்று அவர் சொல்லவில்லை. குமரனும் கேட்கவில்லை.

குமரனின் லேப்டாப்பால் அதைப் படிக்க முடியவில்லை. போர்மட் செய்யட்டுமா என்று கேட்டது. அதாவது, உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா என்று. அண்ணன் வேண்டுமென்றே காலி டிஸ்க்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டி, சரி என்று அமுக்கிவிட்டார். அந்தக் கோபத்தில் தன்னுடைய ஆபிஸ் வேலைகளையும் சினிமாக்களையும் அதில் நிரப்பினார். பிறகு அண்ணன் வீட்டுக்குச் சண்டைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. டிஸ்க்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"தங்கச்சி, நான் அம்மாவை அழிச்சிட்டேன்."

நெற்றி வரைக்கும்

எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் தேடினேன். கிடைத்தது ஒரே ஒரு படம், அதுவும் முழுசாக இல்லை. நரைமுடி, நெற்றி, திருநீறு வரைக்கும் வந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். போனில் சொல்ல மனசு வரவில்லை. இரண்டு பேரையும் கடைக்குக் கூப்பிட்டேன்.

இருவரும் திரைக்கு முன்னால் வந்து நின்றார்கள். குமரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூர்த்தி அண்ணன் தம்பியின் தோளில் கை போட்டார். அப்பாடா, இனிமேலாவது ஒன்றாக இருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்து முடிக்கக்கூட விடவில்லை.

"நான் அப்பவே சொன்னேன் லா. நீயும் மேக் வாங்கியிருந்தா இது நடந்திருக்குமாடா?"

ஐசி படம்

திதிக்கு முந்தின வாரம் குமரன் மட்டும் வந்தார். ஆஸ்பத்திரிப் பதிவுக்காக எப்போதோ போனில் எடுத்து வைத்திருந்த அம்மாவின் ஐசி, அதாவது அடையாள அட்டையின் படம் அவரிடம் இருந்தது. அந்தத் தம்மாத்துண்டு முகத்தைப் பெரிதாக்கி, புள்ளிகளை முடிந்தவரை சரிசெய்து கொடுத்தேன். போலீஸைப் பார்த்ததுபோல் விறைப்பாக ஒரு முகம். லோங்காங்கில் போடு என்று சொன்ன அம்மா அதில் இல்லை.

மறுநாள் மூர்த்தி அண்ணன் வந்து நின்றார். திதி இந்த வருஷம் இரண்டு வீட்டிலும் தனித்தனியாம். அவருக்கும் படம் வேண்டும். தம்பிக்குக் கொடுத்த அதே பைல்தான் அண்ணே, எந்த மெஷினிலும் திறக்கும், இப்போதே போனுக்கு அனுப்புகிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார்.

"அவன் விண்டோஸ்ல திறந்தது எனக்கு வேணாம் தங்கச்சி. அம்மாவை எனக்குன்னு தனியா ஒண்ணு போட்டுக் குடு."

ஆக, கம்ப்யூட்டருக்கு ஒரு வருஷம்தான் வாரண்டி, அதை வைத்துப் போடுகிற சண்டைக்கோ ஆயுசு முழுக்க.